பிள்ளையார் சுழிக்குப் பிறகு

கடிதமாயினும் கணக்காயினும், தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி இடாமல் நம் பெரியோர் எழுதத் தொடங்குவதில்லை. அது பக்தி மட்டுமன்று. ‘இனி எழுத வேண்டியதுதான்’ என்று கைக்கும் மனத்துக்கும் இடும் கட்டளையுமாகும். நம்மிற் பலரோ சுழியை இட்டுவிட்டு, அடுத்த வரிக்கு ஓய்வு நாளை எதிர்நோக்கியிருக்கிறோம். “உத்தியோகம் பார்ப்பவனுக்கு எழுத நேரம் ஏது?” என்று நானும் பல்லாண்டு கேட்டவன்தான். ஆன்டனி டிராலப் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் சுயசரிதையைப் படித்த பின்னர் அவ்வாறு கேட்க நாணுகிறேன்.

டிராலப் 1815-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். 1834-இல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1867-இல் விலகும்வரை 33 ஆண்டுகள் அங்கே உழைத்தார். 1852-இல் ஜெர்சித் தீவின் தெருக்களில் தபால் பெட்டிகள் நிறுவப்பட்டது அவருடைய யோசனையின் பேரில்தான். இவ்வளவு அலுவல்களுக்கிடையே எழுதத் தொடங்கியவர், தம் வாழ்நாளில் 47 நாவல்கள் எழுதினார்.

இவ்வழக்கத்தை அவர் கண்டது தம் அன்னையிடம். கடனில் ஆழ்ந்த குடும்பத்தைக் காக்க 50 வயதுக்கு மேல் நூலாசிரியையான பிரான்சஸ் அம்மையார், நோயுற்ற கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பணிவிடை செய்துகொண்டே, விடியற்காலை 4 மணிக்கு மேசை முன் அமர்ந்து எழுதிவந்தார்.

மகன் வகுத்துக்கொண்ட முறையும் எளியதே. காலை 5.30 மணிக்கு மேசை முன் இருக்க வேண்டும். தம்மைத் தவறாமல் எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே முதிய வேலைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு அதிகமாக அளித்தார். தம் வெற்றிக்கு மற்றெவரையும்விட அவருக்கே மிகுதியும் கடன்பட்டிருக்கலாம் என்று பின்னர் எழுதினார். அமர்ந்தவுடன் புதிதாக எழுதிவிடுவதில்லை. முதல் அரைமணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படித்து, சொற்களின் ஓசையைச் செவியால் நிறுத்துப் பார்ப்பார். அதன்பின் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். 3 மணி நேரம் ஆனதும் எழுந்துவிடுவார்.

எழுதிய பக்கங்களை நாள்தோறும் ஒரு பதிவேட்டில் குறித்துவந்தார். வாரத்திற்குச் சராசரி 40 பக்கம். சோம்பியிருந்த நாளின் வெற்றிடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்குமாம். பதிவேட்டின் அதிகாரம் எத்தகையது என்பதைக் குமாஸ்தாக்களாகிய நாம் நன்கறிவோம்!

ரயில்வேயைச் சேர்ந்த அன்பர்களுக்கு ஒரு செய்தி. அலுவல் நிமித்தம் ஓயாது ரயிலில் பயணம் செய்த டிராலப், மடிமீது வைத்து எழுதச் சிறு பலகை ஒன்று செய்துகொண்டார். சக பயணிகள் பார்க்கிறார்களே என்று முதலில் கூச்சம். சில நாளில் அது பழகிப்போயிற்று. பென்சிலால் அவர் எழுதியதை மனைவியார் பின்னர்ப் பிரதி எடுப்பார். 1857-இல் வெளிவந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி இவ்வாறு ரயில் பெட்டியில் உருவானதே.

எண்ணி எழுதுவது இயந்திர வேலையன்றோ என்று சிலர் வினவலாம். 1882-இல் அவர் மறைந்து, மறு ஆண்டு சுயசரிதை வெளியானபோது பலர் அவ்வாறே முகம் சுளித்தனர். ஆனால் சிறு வயது முதலே மனத்துள் கதை கட்டிக்கொண்டு நடப்பது அவர் பழக்கம். பகலெல்லாம் விளைந்ததைத்தான் காலையில் அறுவடை செய்தார். குறித்த வேளை கற்பனையைத் தருவதில்லை. ‘இன்று எழுதலாமா, நாளை பார்க்கலாமா?’ என்ற கேள்வியை மட்டும் ஒழித்துவிடுகிறது. எழுதவிடாமல் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் அக்கேள்வியே.

என் தந்தையார் 1974-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் நாகபுரி வந்து இறங்கியவர். அவர் வாய்மொழியாகவே அக்கதையை எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கினேன். அவர் காலமானபோது அதில் இருந்தவை பிள்ளையார் சுழியும் தலைப்பும் மட்டுமே. அந்த வெற்றுப் பக்கத்தை எண்ணி நான் வருந்தாத நாளில்லை.

இப்போது அக்கதையில் பாதியை அறிந்தவர் என் அன்னையார் ஒருவரே. அவருக்கும் வயது 70 கடந்துவிட்டது. ஆகவே நான்கு மாதமாக, வேலைக்குப் புறப்படும் முன் 5 மணி முதல் 5.30 வரை எழுதுகிறேன். நாளொன்றுக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை. டிராலப்பைப் பின்பற்றி, முந்திய நாள் பக்கத்தை முதலில் அன்னையாருக்கு வாசித்துக் காட்டுகிறேன். “அன்றைக்கு மழையில்லையப்பா, கொளுத்தும் வெயில். வெந்நீர்போல் கொதித்த குழாய்த் தண்ணீரைத்தான் உன் அப்பா குடித்தாராம்” என்று அவர் திருத்துவார். அத்திருத்தத்திலிருந்தே அன்றைய பக்கம் பிறந்துவிடுகிறது. தமிழ் எழுதப் படிக்க அறியாத என் மகளும் சில நாள் எழுந்து வந்து பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கிறாள்.

இதுவரை 103 பக்கம். பதிவேட்டில் வெற்றிடமான நாட்களும் உண்டு; அவற்றை மறைக்கவில்லை.

பிழைப்பைத் தேடி வந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. அதை அறிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அன்பர்கள் நாளைக் காலை ஓர் அரைமணி ஒதுக்கித் தொடங்குவார்களாக. சுழி இட்டதோடு நின்றுவிடாமல், அதன் கீழ் ஒரு வரியேனும் அன்றே எழுதிவிட வேண்டுகிறேன்.