பால் குடிச்சா வயிறு உப்புதா? இஞ்சி தட்டிப் போட்டா சரியாகுமா?

டீ, காபி குடிச்ச கொஞ்ச நேரத்துல வயிறு உப்புசம், ஏப்பம், கடமுடா சத்தம்... உடனே வீட்ல பெரியவங்க சொல்றது, "ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி!" இந்தக் கைவைத்தியம் உண்மையிலேயே பலன் தருமா? பார்க்கலாம்.

ஒத்துக்காதது வேற, அலர்ஜி வேற

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க, சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். அது குறைவாக இருந்தால், செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவாக மாறும். இதுதான் 'பால் ஒத்துக்கலை' என்பது.

அலர்ஜி அப்படியல்ல. அது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினை. வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்டதும் உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால் இஞ்சியைத் தேடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இஞ்சி என்ன செய்யும்?

இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். சுக்கு கூடுதலாகக் காரமா இருப்பது இதனால்தான்.

இரைப்பையில் இருக்கும் உணவு சீக்கிரம் குடலுக்கு நகர இஞ்சி உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் 'வயிறு கனமா இருக்கு' என்ற உணர்வும் குமட்டலும் குறையலாம். ஆனால், இஞ்சி லாக்டேஸைத் தராது. அதாவது, தொந்தரவு கொஞ்சம் அடங்கலாம்; மூல காரணம் அப்படியேதான் இருக்கும்.

வீக்கம், மூட்டுவலி குறையுமா?

உடலில் அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை இஞ்சி குறைப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில் வலி ஓரளவுதான் குறைந்தது. எனவே, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டு இஞ்சிச் சாறுக்கு மாறுவது தப்பு.

யார் கவனமா இருக்கணும்?

* வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள்
* பித்தப்பைக் கல், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்
* கர்ப்பிணிகள்

சமையலில் சேர்க்கும் அளவு பொதுவாகப் பிரச்னை இல்லை. இஞ்சி கேப்ஸ்யூல், தினமும் வெறும் வயிற்றில் சாறு என்று போகும் முன் டாக்டரிடம் கேட்டுக்கோங்க.

அப்போ என்னதான் செய்வது?

2 வாரம் பாலை நிறுத்திப் பாருங்க. எதைச் சாப்பிட்டால் தொந்தரவு என்று குறிச்சு வைங்க. தயிரில் உள்ள பாக்டீரியா லாக்டோஸின் ஒரு பகுதியை உடைத்துவிடுவதால், பால் ஒத்துக்காத பலருக்கும் தயிர், மோர் ஒத்துக்கும். மோரில் இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் நல்லது!

எடை குறைவது, மலத்தில் ரத்தம், நிற்காத வயிற்றுப்போக்கு இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். டாக்டரைப் பாருங்க.