படையில்லா நாடு

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில் கோஸ்டாரிகா என்னும் சிறு நாடு உள்ளது. அதன் வடக்கே நிகராகுவாவும் தெற்கே பனாமாவும் அமைந்துள்ளன. காப்பியும் வாழையும் நெடுங்காலம் அந்நாட்டின் முதன்மையான செல்வங்களாக விளங்கின.

1948ஆம் ஆண்டில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலை அந்நாட்டுச் சட்டமன்றம் செல்லாது என அறிவித்தது. அதனால் உள்நாட்டுப் போர் மூண்டது. ஏறத்தாழ ஆறு வாரம் நீடித்த அப்போரில் ஹோசே ஃபிகேரஸ் என்பவரின் படை வென்றது. போரில் வென்றவர் தம் படையைப் பெருக்குவதே உலக வழக்கம். ஃபிகேரஸோ, அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள், தலைநகராகிய சான் ஹோசேயில் பெல்லாவிஸ்டாக் கோட்டையின் மதிலைச் சம்மட்டியால் அடித்து, நாட்டின் படை கலைக்கப்பட்டது என்று அறிவித்தார். 1949ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனைச் சட்டமாக்கியது. கோட்டை அருங்காட்சியகமாயிற்று, போரில் குண்டு துளைத்த வடுக்களை அதன் சுவர்களில் இன்றும் காணலாம்.

இச்செயலுக்கு உயர்ந்த எண்ணம் ஒன்றே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. 1917ஆம் ஆண்டில் போர் அமைச்சராக இருந்தவரே படையின் துணையால் ஆட்சியைக் கைப்பற்றியதை அந்நாட்டார் கண்டிருந்தனர். காவலுக்கு வைத்த படையே ஆட்சியைக் கவிழ்க்கவும் கூடும் அல்லவா?

படையில்லை என்றால் பகைவர் வாளா இருப்பரோ? படை கலைத்த அதே மாதத்தில், தோற்றோடிய எதிர்ப்பாளர் நிகராகுவாவிலிருந்து உள்ளே புகுந்தனர். அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1947ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. ஒரு நாடு தாக்கப்படின், அதனை எல்லா நாடுகளும் தம்மீது நடந்த தாக்குதலாகக் கருதும் என்பதே அதன் சாரம். கோஸ்டாரிகா அதன்படி முறையிட்டது. அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்புத் தலையிட, பூசல் அடங்கியது.

1955ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த இடர் அதனினும் பெரிது. மீண்டும் நிகராகுவாப் பக்கத்திலிருந்து படையினர் புகுந்து ஓர் ஊரைப் பிடித்தனர். வானூர்திகள் மேலிருந்து சுட்டன. குடிமக்கள் பலர் தாமே துப்பாக்கி ஏந்தி முன்வந்தனர். கூட்டமைப்பின் விசாரணைக் குழு விரைந்து சென்றது. ஐக்கிய அமெரிக்கா நான்கு போர் வானூர்திகளைத் தலைக்கு ஒரு டாலர் விலையில் கோஸ்டாரிகாவுக்கு விற்றது! படையெடுப்பு முறிந்தது.

எனினும், ஒரு டாலருக்குக் கிடைக்கும் உதவிக்கும் மறைவான விலை ஒன்று உண்டு. 1980களில் நிகராகுவா அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரருக்கு ஐக்கிய அமெரிக்கா துணை நின்றது. கோஸ்டாரிகா 1983ஆம் ஆண்டில் தன்னை நடுநிலை நாடாக அறிவித்திருந்தும், அதன் மண்ணிலேயே அக்கிளர்ச்சிக்காரருக்காக மறைவாக ஒரு வானூர்தித் தளம் அமைக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில் தலைவராகப் பொறுப்பேற்ற ஆஸ்கர் அரியாஸ், வல்லரசின் சினத்தையும் பொருட்படுத்தாது அதனை மூடச் செய்தார். மறு ஆண்டு மத்திய அமெரிக்க நாட்டுத் தலைவர் ஐவரை ஓர் அமைதி உடன்படிக்கையில் கையொப்பமிடச் செய்தார். அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2010ஆம் ஆண்டில், சான் ஹுவான் ஆற்றின் முகத்துவாரத்தருகே ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலத்தில் நிகராகுவா வீரர் இறங்கி, மரங்களை வெட்டி, வாய்க்கால் தோண்டினர். கோஸ்டாரிகா தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்நிலம் கோஸ்டாரிகாவுக்கே உரியது என 2015ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. வெட்டுண்ட மரங்களின் இழப்பையும் கணக்கிட்டு, ஏறத்தாழ 3,79,000 டாலர் ஈடு தருமாறு 2018ஆம் ஆண்டில் நீதிமன்றம் நிகராகுவாவுக்கு ஆணையிட்டது.