பொன்னுக்கு முன்னே இரும்பைப் பாருங்கள்

உம்றா முடித்து வரும் வழியில் இஸ்தான்புல்லிலும் தங்கிவிட்டு வருகிறவர்கள் இப்போது நம் சம்மாந்துறையிலும் இருக்கிறார்கள். தோப்காபி அரண்மனையில் பிடித்த வாள் படங்களைப் போனில் காட்டுவார்கள். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, இதில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்பதுதான். தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் உட்காருங்கள். எழுத்தோ பூவோ இல்லாத அலகின் வெற்றுப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொன்னைப் பிறகு பார்ப்போம்.

ஒஸ்மானிய வாள்கள் பலவற்றில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். சிலவற்றில் மட்டும் வரி ஓடும். அந்த வரி இரண்டு விதமாக வரும்.

ஒன்று மூசை உருக்கு. இரும்புத் துண்டுகளையும் மரச்சீவலையும் களிமண் மூசைக்குள் இட்டு, வாயைப் பூசி மூடி, உருகும்வரை ஊதி ஆறவிடுவார்கள். மரத்தின் கரி இரும்பில் ஏறி, நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 பங்கு அளவில் நிற்கும். ஆறும்போது கரி மிகுந்த கடினமான நுண்மணிகள் உள்ளே உருவாகும். கொல்லன் அடிக்க அடிக்க அவை நிரை நிரையாக ஒதுங்கும். தீட்டி முடித்து மென்மையான அமிலம் பூசினால் சுற்றியுள்ள இரும்பு கறுக்கும், மணிகள் வெளுத்து நிற்கும். அதிகம் காய்ச்சினால் மணிகள் கரைந்து வரியும் போய்விடும். மங்கிய சிவப்புச் சூட்டிலேயே வைத்து அடிக்கும் நிதானம் கொல்லனுக்கு வேண்டும். அந்த நிதானத்தைத்தான் நான் பொன்னுக்கு மேலாக மதிக்கிறேன்.

மற்றது முறுக்கு உருக்கு. இரும்பும் உருக்கும் மாறி மாறி அடுக்கிய கம்பிகளைச் சூட்டில் கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, பக்கம் பக்கமாக வைத்து அடித்து ஒட்டுவார்கள். ஒரே அளவான சுழிகள் பட்டை பட்டையாக அலகு நெடுகப் போனால் அது முறுக்கு. ஒழுங்கில்லாமல் நெளிந்து போனால் பெரும்பாலும் மூசை.

மூசை உருக்கு நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாள்களைப் பற்றி எழுதிய அல்-கிந்தி, சரந்தீபு உருக்கை, அதாவது இலங்கை உருக்கை, தனியாகப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவப் பக்கத்தில், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் காற்றாலேயே எரிந்த இரும்பு உலைகளை கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் கண்டறிந்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவை 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. துருத்தியே இல்லை. நம் வட்டைகளைக் காயவைக்கும் கச்சான் இருக்கிறதே, அந்தத் தென்மேல் பருவக்காற்றுத்தான் அங்கே உலையை ஊதியது. இலங்கையில் மூசை உருக்குச் செய்யும் முறையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் நூலில் பதிந்திருக்கிறார். மூசைக்குள் இட்ட மரம் ஆவரசு. பூவை அவித்து நாம் குடிக்கிறோமே, அதே செடி. இதை வைத்து ஒஸ்மானிய வாள்களெல்லாம் நம் உருக்கு என்று சொல்லிவிடக் கூடாது. அந்த அரசு எழுந்ததே சமனலவெவ உலைகள் அணைந்த பிறகு. அவர்களுக்கு மூசை உருக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் போனது.

இனிப் பொன். உயர்ந்த வேலை, உளியால் பள்ளம் வெட்டி, அடிப்பக்கத்தை உள்ளே சற்று அகலமாக்கி, பொன் கம்பியை வைத்து அடித்து இறுக்குவது. அது இலகுவில் கழராது. மலிந்த வேலை, மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, மெல்லிய பொன்னை அதன்மேல் அழுத்துவது. தேய்ந்த இடத்தில் அந்தக் கீறல் வலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். தோப்காபியில் சுல்தான் சுலைமானின் யத்தகான் வாள் ஒன்று இருக்கிறது. அஹ்மத் தெகெலு 1526-27இல் செய்தது. அலகில் பறவைநாகமும் சீமுர்க் என்ற கதைப் பறவையும் சண்டையிடுகின்றன. அவை பொன்னில் புடைத்து நிற்கின்றன. பிடி தந்தம். அங்கே போகிறவர்கள் அதை அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் வாப்பாவின் வாப்பா காலத்து வாளோ குத்துவாளோ கிடந்தால், பளபளப்பாக்க நினைத்து அரத்தாள் போடாதீர்கள். மெல்லிய எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். அழிந்த வரியை அமிலம் பூசி மீண்டும் எழுப்பலாம். மேலொட்டிய பொன் போனால் போனதுதான்.