நோயுள்ள பூனைக்கு ஒரு வீடு

வண்டி ஏறிக் கால் போனது, ஒரு கண் பழுதானது, சிறுநீரகம் தளர்ந்த கிழம் என்று பல பூனைகள் அருப்புக்கோட்டைத் தறி வீடுகளில் அடைக்கலம் தேடுகின்றன. எடுத்து வளர்க்க மனமிருந்தும், நோயை நினைத்துத் தயங்குகிறவர்கள் அதிகம்.

1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, திருவண்ணாமலை ஆசிரமத்தில் நோயில் விழுந்த ஜாக்கி என்ற நாய்க்குப் படுக்கை போட்டு, கடைசிவரை பார்த்துக்கொண்டார். அதன் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. அந்தப் பரிவோடு கொஞ்சம் விவரமும் வேண்டும்.

தண்ணீர்தான் முதல் மருந்து

வீட்டுப்பூனையின் மூதாதை பாலைநிலக் காட்டுப்பூனை. இரையின் ஈரத்திலேயே பிழைத்த இனம். அதனால் தாகம் குறைவு, சிறுநீரும் கெட்டி. கரிசல் வெயிலில் உலர்தீனி மட்டும் தின்னும் பூனைக்கு இதுவே வினையாகிறது. நான்கு கிலோ பூனைக்கு, உணவின் ஈரமும் சேர்த்து, தினமும் ஏறக்குறைய 200 மில்லி நீர் வேண்டும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த மீனை அந்தச் சாற்றோடு வைக்கலாம். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் உணவுதான்.

கடுவன் பூனை மண்ணைப் பறித்துப் பறித்து முக்கியும் சொட்டு மூத்திரம் வரவில்லையா? மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிக் காத்திருக்கக் கூடாது. குழாய் அடைத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் வசதி இல்லையென்றால் அன்றே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பால்சோறும் பாராசிட்டமாலும்

டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதுமான அளவு தயாரிக்காது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். பால்சோற்றிலேயே வளரும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். ஏற்கெனவே நோயுள்ள உடம்பு இதைத் தாங்காது.

இன்னொரு ஆபத்து அலமாரியிலேயே இருக்கிறது. காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமாலைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே கொன்றுவிடும்.

‘பூனை எய்ட்ஸ்’ தொற்றுமா?

1986-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட அந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. பெரும்பாலும் சண்டைக் கடியால் பூனைக்குப் பூனை பரவுகிறது. கருத்தடை செய்து வீட்டுக்குள் வைத்தால் இந்தப் பூனைகள் பல ஆண்டுகள் நன்றாகவே வாழ்கின்றன.

வெறிநோய் வேறு, அது மனிதரைக் கொல்லும். எடுத்து வந்ததும் பூனைக்குத் தடுப்பூசி போட வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.