ஐந்து நாள் மிச்சம்



ஒரு மாணவனுடைய ஒரு நாளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "நாட்டிலே எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, பையன் ஒருவன் பஸ்ஸைத் தவறவிட்டதா பத்திரிகையிலே எழுதவேண்டிய விஷயம்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளை நேற்று எத்தனை மணிக்குப் புறப்பட்டான், எத்தனை மணிக்கு வகுப்பிலே உட்கார்ந்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று உங்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுசேரி என்றதும் இன்று எவருக்கும் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பழைய மகாபலிபுரம் சாலையிலே, நாவலூரைத் தாண்டிக் கேளம்பாக்கம் போகிற வழியிலே, சிப்காட் வளாகம். அங்கே கம்பெனி வண்டிகளில் வந்து இறங்கும் கணினித் தொழிலாளர் கூட்டம். ஆனால் அந்த வளாகத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் ஒன்றும் இருக்கிறது! அந்த ஊரிலே, கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்கு இரவுக் காவல் பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். படிப்பகத்துக்கு நாள் தவறாமல் வருகிறவர். அவருடைய மகன்தான் நான் சொல்லும் மாணவன். தாம்பரம் பக்கத்திலே ஒரு கல்லூரியில் கணிதம் படிக்கிறான், இரண்டாம் ஆண்டு. குடும்பத்திலே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பெயர் வேண்டாம், பையன் கூச்சப்படுவான்.

காலை ஆறே கால். வீட்டு வாசலிலேயே செருப்பு வார் அறுந்தது. ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு, இழுத்து இழுத்து நடந்து, நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தான். சட்டைப் பையிலே மாணவர் பாஸ். அந்தப் பாஸ் சாதாரணக் கட்டண பஸ்ஸிலேதான் செல்லும். சொகுசு பஸ் காலியாக வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாலும், இவன் அண்ணாந்து பார்க்கலாம், ஏற முடியாது. கடைசியிலே சாதாரண பஸ் வந்தது. வந்தது, நிற்கவில்லை! படிக்கட்டிலே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுநர் மீது கோபம் வருகிறதா? எனக்கும் முதலிலே வந்தது. ஆனால் அந்த ஓட்டுநரும் நம் தோழர்தானே! நிறுத்தினால், இன்னும் நாலு பிள்ளைகள் படியிலே தொற்றிக்கொள்வார்கள். 2012 டிசம்பரில் இதே சாலையில், பெருங்குடி அருகே, படிக்கட்டிலே நின்று போன மாணவர் நால்வர் லாரி மோதி மாண்டார்கள். 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்திலே, கூட்ட நெரிசலில் வாசலிலே தொங்கிக்கொண்டு வந்தவர்கள் தண்டவாளத்தை ஒட்டிய சுவரிலே மோதி விழுந்து செத்தார்கள். இவ்வளவையும் நெஞ்சிலே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் நிறுத்தினாலும் பழி, நிறுத்தாவிட்டாலும் பழி. 'பொறுப்பில்லாத பிள்ளைகள், தொங்குவதை வீரம் என்று நினைக்கிறார்கள்' என்று ஏசுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளும் சிலர் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பையன் தொங்கியவன் அல்ல. தொங்க மறுத்து, தரையிலே நின்றவன். அதற்கு அவன் கொடுத்த விலை என்ன தெரியுமா? அரை நாள்!

எப்படி என்கிறீர்களா? அடுத்த பஸ்ஸிலே கேளம்பாக்கம். அங்கே இறங்கி வண்டி மாற்றி, மாம்பாக்கம், கண்டிகை, வண்டலூர் வழியாகத் தாம்பரம். கல்லூரிக்குள் நுழைந்தபோது இருபது நிமிடத் தாமதம். முதல் மணி தவறினால் அவன் கல்லூரியிலே அரை நாள் வருகை போயிற்று என்று கணக்கு. பருவத்துக்கு வேலை நாள் 90. நூற்றுக்கு 75 வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்பது விதி. அப்படியானால் 68 நாள் வந்தாக வேண்டும். தவறக்கூடியது 22 நாள். நம் பையனுக்கு இதுவரை போனவை பதினாறரை. இந்த அரையையும் சேர்த்தால் 17. ஒரு நாளாவது சினிமாவுக்குப் போனவன் அல்லன். காய்ச்சலிலே நாலு நாள், தங்கை திருமணத்திலே மூன்று. மிச்சமெல்லாம் நிற்காத பஸ்ஸும் நெரிசலும் தின்றவை!

கல்லூரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கலாமே என்று கேட்கும் மேதைகளுக்கு ஒரு வார்த்தை: அறை வாடகை என்ன, காவலாளியின் சம்பளம் என்ன என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931இல். கிறித்துவக் கல்லூரி சென்னை நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937இல். அங்கே ரயில் முந்தி, கல்லூரி பிந்தி. சிறுசேரியின் கதை வேறு. வளாகம் முதலிலே வந்துவிட்டது. மாதவரத்திலிருந்து சிப்காட் வரைக்கும் மெட்ரோ பாதை கட்டப்பட்டு வருகிறது, மகிழ்ச்சி! ஆனால் அது ஓடப்போவது வடக்கே. நம் பையன் போகவேண்டியதோ மேற்கே.

கதைக்கு வருவோம். நண்பகலிலே இரண்டாவது இடர். தூக்குச் சட்டி சாய்ந்து, ரசம் முழுவதும் கணக்கு நோட்டிலே இறங்கிவிட்டது. இரண்டு மாதத்து எழுத்து மஞ்சளாக மிதக்கிறது! பக்கத்து பெஞ்சுப் பையன், பொழிச்சலூர் தச்சர் மகன், தன் நோட்டை எடுத்து நீட்டினான். "திங்கக்கிழமை குடுடா, போதும்" என்றான். தன் சாப்பாட்டிலும் பாதியைத் தள்ளி வைத்தான். அது ஓர் ஆறுதல். தாம்பரம் நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கும் பெரியவர் வாரைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "காலேஜ் படிக்கிறியா? போ, வேலைக்குப் போனப்புறம் குடு" என்று காசு வாங்க மறுத்தார். அது இன்னொன்று. அந்த மாதத்து ஆயிரம் ரூபாய் வங்கியிலே ஏறியதாகக் கைபேசியிலே செய்தி வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலும் தொடங்கிய மாதாந்தர உதவி அது. ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வரும், நோட்டு வரும். தவறிப்போன முதல் மணி வராதே!

கணித ஆசிரியரும் ஆறுதல் சொன்னாராம். இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியிலே மற்றப் பாடங்களிலே தவறி உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் தேறாதவர். 1912இல் துறைமுகத்திலே முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். அவரே மேலே வரவில்லையா என்றாராம். நல்ல மனம் படைத்த ஆசிரியர். ஆனால் எனக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. ஓர் இராமானுஜனைக் கண்டுகொள்ள ஒரு ஹார்டி இருந்தார். குமாஸ்தா நாற்காலியிலேயே முடிந்துபோனவர்களின் பெயரை எவர் எழுதி வைத்தார்கள்? இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு: சென்னைக் கணிதவியல் நிறுவனம் 2005 முதல் சிறுசேரியிலேதான் இருக்கிறது. உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் அங்கே வந்து போகிறார்கள். கணக்குப் படிக்க அதே ஊரிலிருந்து நம் பையன் தாம்பரத்துக்குப் புறப்படுகிறான்!

திரும்பும்போது பஸ்ஸிலே உட்கார இடம் கிடைத்தது. கண்டக்டர் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "காலையிலே உன்னை விட்டுட்டுப் போன வண்டி நம்ம வண்டிதாம்ப்பா, மனசிலே வெச்சுக்காதே" என்றார். இவன் தூங்கிவிட்டான். ஊர் வந்ததும் தட்டி எழுப்பி இறக்கிவிட்டவரும் அவரே.

வீட்டுக்கு வந்தபோது இரவு எட்டு. அப்பா காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார். "பஸ் நின்னுச்சா?" என்று கேட்டார். "நின்னுச்சுப்பா" என்றான். ரசம் பட்ட நோட்டைத் துணிக்கொடியிலே விரித்துத் தொங்கவிட்டான். சுவரிலே மாட்டிய நாட்காட்டியிலே அன்றைய தேதிமேல் பென்சிலால் அரைக் கோடு கிழித்தான். இன்னும் ஐந்து நாள் மிச்சம். ஐப்பசி மழை இன்னும் தொடங்கவில்லை.