கப்பலேறப் போறீங்களா?

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விடத் தொடங்கினார்கள். சுமார் 110 கிலோமீட்டர். நாலு மணி நேரப் பயணம்தான். ஆனால் குமட்டல் வந்துவிட்டால், அதுவே நாலு நாளாகத் தெரியும்!

முதலில் தேதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களைத் தவிருங்கள். பாஸ்போர்ட் கட்டாயம். முன்பதிவு செய்திருந்தாலும், முதல் நாளே ‘நாளைக்குக் கப்பல் உண்டா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. இரண்டு இட்லி போதும். ஒரு துண்டு இஞ்சியை மென்று சாற்றை விழுங்குங்கள். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டே இதைச் செய்யவேண்டும்.

கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே உட்காருங்கள். செல்போனை மூடிவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பெட்டியில் வேண்டாம், கைப்பையிலேயே இருக்கட்டும்!