தறியில் ஒரு மாணவியின் பாடங்கள்

நெசவு என்பது தந்தையிடமிருந்து மகனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வழிவழியாக வருவது. பள்ளிக்கூடத்தில் அமர்ந்து கற்கத்தக்கதன்று என்பதே நம்மில் பெரும்பாலோருடைய அபிப்பிராயம். அதை முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. பாவு நீட்டவும் அறுந்த இழையைப் பிணைக்கவும் எந்தப் புத்தகமும் வீட்டைவிட நன்றாகக் கற்பித்து விடாது. ஆயினும், நெசவைப் பாடமாக வைத்து நடத்திய ஒரு கலைப்பள்ளியைப் பற்றியும், அங்கே பயின்ற மாணவி ஒருவர் தம் பட்டத்திற்காக நெய்து காட்டிய துணியைப் பற்றியும் நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையது. அத்துணி சேலையன்று, வேட்டியன்று, படுக்கை விரிப்புமன்று. ஒரு மண்டபத்தின் சுவரை மூடுவதற்காக நெய்யப்பட்டது.

முதல் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டாகிய 1919-ல், ஜெர்மனியில் வைமார் என்னும் நகரில், வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டடச் சிற்பி ‘பௌஹௌஸ்’ என்னும் பள்ளியைத் தொடங்கினார். ஓவியன் வேறு, தச்சன் வேறு என்ற பிரிவினை ஒழியவேண்டும், கலைஞன் பட்டறையிலேயே உருவாகவேண்டும் என்பது அவருடைய கொள்கை. மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம், கண்ணாடி, அச்சு, சுவரோவியம், நெசவு என்று பட்டறைகள் அமைந்தன. ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள்: உருவமும் வண்ணமும் கற்பிக்க ஓர் ஓவியர், கைத்திறன் கற்பிக்க ஒரு தொழிலாளர். இப்பள்ளி நம் நாட்டிற்கு முற்றிலும் அந்நியமன்று. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழ்த்திசைக் கலைச் சங்கத்தார் நடத்திய கண்காட்சியில் இப்பள்ளி ஆசிரியர்களின் ஓவியங்கள் வைக்கப்பெற்றன. பள்ளி 1925-ல் டெஸ்ஸாவ் நகருக்கும், 1932-ல் பெர்லினுக்கும் இடம் மாறி, 1933-ல் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே அதன் ஆயுள்.

நான் குறிப்பிட்ட மாணவியின் பெயர் அன்னி ஆல்பெர்ஸ். பெர்லின் நகரில் வசதியுள்ள யூதக் குடும்பம் ஒன்றில் 1899-ல் பிறந்தவர். ஓவியராக வேண்டுமென்பது அவருடைய ஆசை. முதலில் இடம் மறுக்கப்பட்டு, மீண்டும் முயன்று, 1922-ல் பௌஹௌஸில் சேர்ந்தார். கண்ணாடிப் பட்டறையில் பயில விரும்பினார்; அங்கே இடமில்லை. மற்றப் பட்டறைகளின் கனத்த வேலைக்குக் கால் நோயுள்ள அவர் உடல் இடந்தரவில்லை. எஞ்சியது தறி ஒன்றே. ஆண் பெண் வேற்றுமை பாராட்டோம் என்று பள்ளியார் தொடக்கத்தில் சொல்லியிருந்தனர். நடைமுறையில் பெண்களுள் மிகப் பெரும்பாலோரைத் தறிக்கே அனுப்பினர். நெசவு பெண்களுக்கேற்ற மென்மையான வேலை என்பது அவர்கள் கருத்து. குழித்தறியில் நாள் முழுதும் மிதித்தவர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியார்! அன்னியும் மனமில்லாமலே தறிக்குச் சென்றார். பிறகு நூலே அவரைப் பற்றிக்கொண்டது.

பட்டறைக்குச் செல்லுமுன் எல்லா மாணவரும் முன்பயிற்சி வகுப்பு ஒன்றைக் கடந்தாக வேண்டும். மரத்துண்டு, கம்பி, கந்தல், இறகு, கண்ணாடிச் சில்லு ஆகியவற்றைத் தொட்டும் அடுக்கியும், ஒவ்வொரு பொருளின் குணத்தையும் அறிவதே அவ்வகுப்பின் பாடம். பின்னாளில் அதை நடத்தியவர்களுள் ஒருவர், 1925-ல் அன்னியை மணந்த யோசெப் ஆல்பெர்ஸ். அவர் ஒருநாள் வகுப்புக்கு ஒரு கட்டுச் செய்தித்தாளுடன் வந்ததாக அவருடைய மாணவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். “இதைக் கொண்டு ஏதேனும் செய்யுங்கள், பொருள் வீணாகக் கூடாது” என்னும் கருத்தில் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். சில மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மாணவர்கள் படகு, கோட்டை, விமானம் முதலியவற்றைச் செய்து வைத்திருந்தனர். அவையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யத்தக்கவை என்று ஆசிரியர் ஒதுக்கினார். ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்துத் தடுப்புத் தட்டிபோல் நிறுத்தியிருந்தார். வெட்டில்லை, பசையில்லை, கழிவில்லை. படுத்துக் கிடக்கும் தாள் ஒரே மடிப்பில் எழுந்து நின்றது. அதையே ஆசிரியர் மெச்சினார்.

வைமாரின் நெசவுப் பட்டறையில் இருந்த தறிகள் பள்ளிக்குச் சொந்தமானவையல்ல. கைத்தொழில் ஆசிரியையான ஹெலேனே பெர்னர் என்பாருடையவை. அவரிடமிருந்து அடிப்படை வேலை கிடைத்தது. அதற்குமேல் கற்பிப்பார் இல்லை. மாணவிகள் ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். 1919-ல் சேர்ந்த குன்டா ஷ்டோல்ட்ஸெல் என்ற மாணவியும், பெனிட்டா ஓட்டே என்ற தோழியும் 1922-ல், பட்டு நெசவுக்குப் பேர்போன கிரேஃபெல்ட் நகருக்குச் சென்று சாயத் தொழில் கற்றுவந்தனர். 1924-ல் மீண்டும் சென்று நெசவு அமைப்புகளையும் நூல் வகைகளையும் கற்றனர். கற்றுவந்ததை மற்ற மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். ஷ்டோல்ட்ஸெல் 1927-ல் அப்பட்டறைக்கே தலைவியானார். அப்பள்ளியில் ஒரு பட்டறைக்குத் தலைமை வகித்த முதல் பெண் அவர்.

அக்காலத்து மாணவர் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. யுத்தத்தில் தோற்ற நாடு. பணத்தின் மதிப்பு நாள்தோறும் வீழ்ந்தது. 1923-ல் துரிங்கியா மாகாண வங்கிக்குப் பத்து லட்சம் மார்க் நோட்டு வேண்டியிருந்தபோது அதற்கு மாதிரி வரைந்தவர் ஹெர்பெர்ட் பேயர் என்ற பௌஹௌஸ் மாணவரே. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தது. அன்று காலையில் வாங்கிய நூலின் விலையை மாலையில் எவ்வாறு பேரேட்டில் எழுதியிருப்பார்களோ என்று என்போன்றோருக்குத் தோன்றாமல் இராது. பள்ளி உணவுக்கூடத்திற்குத் தோட்டத்தில் காய்கறி பயிரிட்டனர். யோஹானெஸ் இட்டென் என்ற ஆசிரியர் தாம் பின்பற்றிய சமயநெறிக்கேற்ப மாணவர்களுக்கு மரக்கறி உணவும் பூண்டும் ஏராளமாக வழங்கச் செய்தார். பள்ளிக்கு வந்தோர் பூண்டு வாசனையை நெடுநாள் மறக்கவில்லையாம்!

வறுமையிலும் குதூகலம் குறையவில்லை. இலையுதிர் காலத்தில் மாணவர்கள் தாங்களே செய்த பட்டங்களைப் பறக்கவிட்டு விழாக் கொண்டாடினர். மற்றொரு விழாவில் காகித விளக்குகளை ஏந்தி ஊர்வலம் சென்றனர். டெஸ்ஸாவில் 1926-ல் புதுக் கட்டடம் திறக்கப்பட்டபின் மாணவர்கள் தங்க 28 அறைகள் கிடைத்தன. அன்னியும் அவர் தோழிகளும் பால் கிளே என்ற ஓவிய ஆசிரியரிடம் பெருமதிப்பு உடையவர்கள். 1929 டிசம்பரில் அவருக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, அருகிலிருந்த விமானத் தொழிற்சாலையில் ஒரு சிறு விமானத்தை அமர்த்தி, தேவதை உருவத்தில் கட்டிய பரிசுப் பொதி ஒன்றை வானத்திலிருந்து அவர் வீட்டின்மீது போட்டனர்.

டெஸ்ஸாவில் பாடத்தின் தன்மையும் மாறிற்று. வைமாரில் மாணவிகள் நெய்தவை பெரும்பாலும் சுவரில் தொங்கும் சித்திரத் துணிகள்; ஒவ்வொன்றும் ஒரே பிரதி. அழகில் அவை குறைந்தவையல்ல. ஆயினும் கெஜக் கணக்கில் நெய்து விற்கத்தக்க திரைத்துணி, நாற்காலித்துணி ஆகியவற்றில் கை வைத்தபின்னரே அவர்களுடைய கல்வி முழுமை பெற்றது என்பது என் கருத்து. சித்திரத் துணியில் தவறு நேர்ந்தால் அதையும் அழகென்று சொல்லித் தப்பிவிடலாம்; நாற்காலித்துணி ஒரு வருஷத்தில் நைந்துபோனால் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. நெசவு அமைப்பு, நூலின் குணம், பாவுக் கணக்கு, சாயம், அடக்கவிலை யாவும் பாடங்களாயின. கிளே வடிவ இலக்கணம் கற்பித்தார். இம்முறையால் பள்ளிக்கு வருமானம் தந்த பட்டறைகளுள் நெசவுப் பட்டறையும் ஒன்றாயிற்று.

இந்நிலையில், 1928-ல், ஹானெஸ் மையர் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் பள்ளியின் தலைவரானார். இவரைப் பற்றி நம் இதழில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவர் கூட்டுறவாளர். ஸ்விஸ் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் ஒன்றியத்துக்காக பாசெல் நகருக்கு அருகே ‘ஃப்ரைடார்ஃப்’ என்னும் 150 வீடுகள் கொண்ட குடியிருப்பைக் கட்டிக் கொடுத்து, அங்கேயே வாழ்ந்தவர். செல்வர்க்கான ஆடம்பரப் பொருளன்று, பொதுமக்களுக்கு வேண்டிய பொருளே பள்ளியின் குறிக்கோள் என்றார். டெஸ்ஸாவின் சேமிப்பு, கட்டடக் கூட்டுறவுச் சங்கத்துக்காக 90 வீடுகள் அடங்கிய ஐந்து கட்டடங்களுக்கு மாணவர்களைக் கொண்டே திட்டம் வரையச் செய்தார். அவை 1930-ல் கட்டிமுடிந்தன. அவ்வீடுகள் சிறியவை, வாடகை ஒரு தொழிலாளி செலுத்தக்கூடியது. வகுப்புப் பாடமாக வரைந்த சுவருக்குள் ஒரு குடும்பம் குடியேறுவதைக் கண்ட மாணவர், தம் பாடத்தின் குறைநிறைகளை வேறெவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பெர்லினுக்கு வடக்கே பெர்னாவ் என்னும் ஊரில், ஜெர்மன் தொழிற்சங்க சம்மேளனத்திற்கு ஒரு பயிற்சிப் பள்ளியையும் மையர் அப்போது கட்டிவந்தார். அதன் கூட்ட மண்டபத்தில் எதிரொலி எழும் என்று தெரிந்தது. பேசுவது கேட்கவேண்டிய இடத்தில் எதிரொலி பெருங்கேடு. சுவரை வெல்வெட்டுப்போன்ற துணியால் மூடினால் எதிரொலி அடங்கும். ஆனால் அத்துணி அழுக்குத் தெரியாமலிருக்கக் கருநிறமாக இருக்கவேண்டும், கருநிறம் மண்டபத்தை இருட்டாக்கிவிடும். ஒலியை உண்ணவேண்டும், ஒளியைத் திருப்பவேண்டும், கைபட்டால் துடைக்கவும் வேண்டும். அன்னியின் முன் வைக்கப்பட்ட கணக்கு இதுதான்.

அவர் செய்தது இது. ஃப்ளாரன்ஸ் நகரில் ஒருமுறை வாங்கிய, பளபளக்கும் இழையால் பின்னிய தொப்பி ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பிரித்தார். வெளிவந்த இழையைத் தறியில் ஊட்டிப் பார்த்தார். மிட்டாய் சுற்றும் மெல்லிய கண்ணாடித் தாள் போன்ற செல்லோபேன் இழை துணியின் முன்புறத்தில் நின்று ஒளியைத் திருப்பிற்று; துடைத்தால் அழுக்கும் போயிற்று. பின்புறத்தில் ‘செனில்’ என்னும், பூப்போல் மயிர் எழும்பிய பருத்த நூல் ஒலியை வாங்கிக்கொண்டது. ஒரே துணி, இரு முகம், இரு வேலை. பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்: மின்னியது செல்லோபேன், மண்டபத்தின் ஓசையை அடக்கியது கண்ணுக்குத் தெரியாத பருத்தி. ஒளியைத் திருப்பும் திறனை ட்ஸைஸ் ஐக்கோன் என்ற ஒளிக்கருவிக் கம்பெனியார் சோதித்து அறிந்தனர். இத்துணிக்காக அன்னிக்கு 1930-ல் பட்டம் வழங்கப்பட்டது.

இதில் என் மனத்தை ஈர்ப்பது பட்டமன்று. தொப்பியைப் பிரித்த செயல். நம் சங்கங்களில் ஒரு நெசவாளர் புதிய மாதிரி ஒன்றை முயல விரும்பினால் என்ன ஆகிறது? பாவு பிணைத்து, விழுதிலும் அச்சிலும் இழை கோத்து முடிக்கவே நாட்கள் செல்லும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்நாட்களின் கூலி இல்லை. முயற்சி பலிக்காவிட்டால் நூலும் அவர் தலையில் விழும். நான் சென்ற சங்கங்கள் சிலவற்றில் நூல் இருப்பேட்டில் ‘கழிவு’ என்று ஒரு பத்தி உண்டு; ‘மாதிரி’ என்று ஒரு பத்தி இல்லை. சோதனைக்குச் செலவான நூலைக் கழிவில் எழுதுகிறார்கள். கழிவு மிகுந்தால் எங்களைப் போன்றோர் ஆட்சேபணை எழுதுகிறோம். மறு ஆண்டு எவரும் சோதனை செய்வதில்லை. இது ஒழுங்கான கணக்குதான். ஆனால் அடுத்த சங்கத்தில் பத்து வருஷத்துக்கு முன் ஓடிய கரையையே இன்றும் நெய்து, தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்கும்போது ஏற்படும் நஷ்டம் எந்தப் பத்தியில் எழுதப்படுகிறது? ஒரு தறி, ஒரு பாவு, கூலியுடன் சில நாட்கள் என்று நிர்வாகக் குழு தீர்மானித்து, மாதிரி நூலுக்குத் தனிப் பத்தி திறந்தால், தணிக்கைக்கு வருவோர் மறுப்பதற்கு நியாயம் இராது.

மாதிரி செய்தவர் பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பௌஹௌஸ் மாணவர்களின் சித்திரங்களிலிருந்து தேர்ந்தெடுத்துச் சுவர்த்தாள் அச்சிட்டு ஒரு கம்பெனியார் ஏராளமாக விற்றனர். சுவர்த்தாளில் பள்ளியின் பெயர் இருந்தது. வரைந்த மாணவரின் பெயர் இல்லை. அதே பள்ளியில் நெசவு பயின்ற ஓட்டி பெர்கெர் என்பார், காது மந்தமானவர், இதை ஏற்கவில்லை. தம் துணிகள் தம் பெயரால் வழங்கவேண்டுமென வாதாடினார். 1934-ல் மெத்தைத் துணி ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். யூதராகிய அவருக்கு அதன்பின் ஜெர்மனியில் தொழில் செய்ய இடமில்லாமற் போயிற்று. 1944-ல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் மாண்டார்.

பெர்னாவ் பள்ளியை நாஜிகள் 1933-ல் கைப்பற்றினர். கட்டடம் இன்றும் நிற்கிறது. மையரும் மாணவர்களும் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டிய அவ்வீடுகளுடன் 2017-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. அன்னியும் கணவரும் 1933-ல் அமெரிக்கா சென்று, வட கரோலினாவில் ஒரு புதிய கல்லூரியில் ஆசிரியராயினர். 1949-ல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலை அவருடைய நெசவுகளைத் தனியே காட்சிக்கு வைத்தது. 1965-ல் வெளிவந்த தம் நெசவு நூலைத் தம் ஆசிரியர்களென அவர் கருதிய பண்டைப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கு உரிமையாக்கினார். 1994-ல் காலமானார். கல்லூரியில் தம்மிடம் புதிதாக வந்த மாணவர்களுக்கு அவர் முதலில் பெரிய தறியைத் தரவில்லை. இடுப்பில் வார் கட்டி நெய்யும் பெரு நாட்டுச் சிறு தறியைக் கொடுத்தார். வெளியே சென்று மக்காச்சோள மணி, புல் எனக் கிடைத்தவற்றைப் பொறுக்கிவந்து, வரிசையாக அடுக்கி, துணிபோல் தோன்றச் செய்யுமாறு சொன்னார்.